மூக்குத்தி இருக்கு, ஆளக் காணோம்

இந்த போட்டோ ஸ்டுடியோ நாற்காலிக்கு வரப்போகிற உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

உங்களுக்கு சாப்ட்வேர் சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை. படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். என்னைவிட வேகமாகவே செய்வீர்கள். அதனால் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று நான் எழுதப் போவதில்லை. எந்த நேரத்தில் மவுஸிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். அதை எந்த டிப்ளமோவிலும் சொல்லித்தரவில்லை. எனக்கும்தான்.

நான் இனித் திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கப் போகிறேன். அங்கே வருகிற படங்களை அழகாக்கித் தரும்படி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். நுரையீரலைக் கொஞ்சம் ஒல்லியாக்குங்கள் என்று ஒருவர் வந்து நின்றால் அன்றே எழுந்து வந்துவிடுவேன்.

இங்கே உங்கள் காதில் விழப்போகிறவை இவைதான். கலர் ஏத்திருங்க. தாடையக் குறைங்க. கண்ணுக்குக் கீழ கருப்பு எடுத்துருங்க. முடி கொஞ்சம் அடர்த்தி. பல்லு வரிசை. ஜாதகத்தோடு கொடுக்கிற படத்துக்கு இதெல்லாமும், வயசுக்கு வந்த சடங்கு வீட்டு பிளக்ஸுக்கு இதெல்லாவற்றோடு உதட்டுச் சாயமும் கேட்பார்கள். பிள்ளை எட்டாம் வகுப்புதான் படிக்கும். பக்கத்தில் நிற்கிற அம்மா, “பத்தல, இன்னும் கொஞ்சம்” என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஆளுக்கு ஒரு நடிகையைச் சொல்லி அவர் மாதிரி வேண்டும் என்பார்கள். அதுவே தேவலை என்று இப்போது தோன்றுகிறது. இப்போது எல்லோரும் கேட்பது ஒரே முகத்தை, அவரவர் போனில் தெரிகிற அவரவர் முகத்தை. திருவேங்கடத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவளும் சிவகிரியிலிருந்து வண்டியில் வருகிறவளும் ஒரே மூக்கோடு வந்து இறங்குகிறார்கள். கல்யாணப் பெண் ஒருத்தி தன் செல்பியை என்னிடம் நீட்டி, முகூர்த்தத்தன்று ஆல்பத்தில் தான் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள். செல்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். இருவருக்கும் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். இன்னொருத்திக்கு எதையும் தொடாமல் ஒரு படம் கொடுத்துப் பார்த்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, “ஒங்க கேமரா சரியில்லக்கா” என்றாள். கேமராவைத் திட்டியாயிற்று. வீட்டுக் கண்ணாடியைத் திட்டுகிற நாளும் வரும்.

இவை எரிச்சலோடு முடிந்துபோகிற சமாசாரங்கள். கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். எப்போதும் அப்படிப் போக முடியாது என்பதற்குத்தான் ஒரு மதியத்தைச் சொல்கிறேன்.

குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அவருடைய மனைவி பேச்சியம்மாள் நெஞ்சுவலியில் திடீரென்று இறந்துபோயிருந்தார். மறுநாள் பதினாறாம் நாள் காரியம். மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேண்டும். மகள் செல்வி கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறவள். அவளே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து எங்கள் கடை நம்பருக்கு அனுப்பியிருந்தாள்.

திறந்து பார்த்தேன். எலுமிச்சை நிறத்தில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். செல்வியின் அக்காவாக இருக்கும், தவறான படத்தை அனுப்பிவிட்டாள் என்று நினைத்தேன். கேட்டதற்கு, “இல்லக்கா, அம்மாதான்” என்றாள்.

எனக்கு அது புதிதல்ல. பின்னணியை நீலமாக்கி, பெயரைப் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அந்த அப்பா இரண்டு கையாலும் அதை வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தலையைச் சாய்த்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து என்னிடம் கேட்டார்.

“ஏம்மா, மூக்குத்தி எங்க?”

அப்போதுதான் கவனித்தேன். மூக்கில் ஒன்றும் இல்லை. செல்வி பயன்படுத்திய ஆப், மூக்குத்தியைப் பரு என்று எடுத்துக்கொண்டு துடைத்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். முகத்தில் புள்ளி இருந்தால் அழிக்கும். அது பருவா, மச்சமா, கல்யாணத்துக்கு முன்பே போட்ட மூக்குத்தியா என்றெல்லாம் கேட்காது.

முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார்: “அதுக்கென்ன அண்ணாச்சி, வச்சிருவோம்.”

வைப்பதற்கு நம்மிடம் எல்லாம் இருக்கிறது. நீங்களும் பார்ப்பீர்கள். மூக்குத்தி, நெக்லஸ், பட்டுச்சேலை, கோட்டு என்று தனித்தனி போல்டர். இந்த ஊரில் செத்துப்போன ஆண்களில் பாதிப் பேர் மேல் ஒரே கோட்டுதான் இருக்கிறது. நானும் மூக்குத்தி போல்டரைத் திறந்து, எடுப்பாக ஒரு கல் மூக்குத்தியை வைத்து, மறுபடி பிரிண்ட் கொடுத்தேன்.

இந்தத் தடவை அவர் வாசலுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே பார்த்தார்.

“மூக்குத்தி இருக்கு. ஆளக் காணோமே.”

முதலாளி சிரித்துவிட்டார். வந்தவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை என்பது முதலாளிக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். செல்வி போட்ட ஸ்டேட்டஸ் படத்தைத்தான் சொந்தக்காரர்கள் எல்லோரும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊர் பஸ் நிறுத்தத்தில் வைத்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸிலும் அதே படம். துக்கம் கேட்க வந்த தூரத்து உறவுக்காரர்கள், இவ்வளவு சின்ன வயசிலா என்று அழுதுவிட்டுப் போனார்களாம்.

“போன்லயும் இதுதான், தெருவுலயும் இதுதான். நாளைக்கு வீட்லயும் இதத்தான் மாட்டணும்னா, தெனமும் இதையே பாத்துப் பாத்து அவ மூஞ்சி எனக்கு மறந்துபோயிரும்மா.”

செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் ஏதோ நடுவர் என்பது போல.

“அம்மாவேதாங்க்கா கேப்பா. வெள்ளையா வாற மாதிரி எடுட்டிம்பா. பில்டர் போடாம எடுத்தா அழிக்கச் சொல்லிருவா. இது அவளுக்குப் புடிச்ச படம்க்கா.”

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். செல்வி சொன்னது பொய்யில்லை. அவளும் அம்மாவும் சேர்ந்து வீடியோ போடுவார்களாம். அக்கா தங்கச்சி மாதிரி இருக்கீங்க என்று யார் யாரோ எழுதுவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாளாம். அந்த அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து, இன்னொரு தடவை வாசி என்பாராம். இறந்துபோனவரின் விருப்பம் ஒன்று, உயிரோடு இருப்பவரின் தேவை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை. இப்படி மூன்று பேர் நிற்கும்போது நம் வேலை தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் தேர்ந்தெடுக்க இரண்டு படமாவது அவர்கள் முன்னால் இருக்க வேண்டும். இங்கே ஒன்றுதான் இருந்தது. அதனால் இரண்டாவதைத் தேட ஆரம்பித்தேன்.

செல்வியின் போனைக் கேபிளில் மாட்டி எல்லாவற்றையும் பார்த்தேன். பொங்கலன்று எடுத்தவை, ஆடித்தபசுக்குக் கோயில் வாசலில் எடுத்தவை, மக்காச்சோளக் காட்டில் எடுத்தவை, பஸ்ஸில் ஜன்னலோரம் எடுத்தவை. எல்லாவற்றிலும் அந்த எலுமிச்சைநிறப் பெண்தான். சிலவற்றில் அவருக்குப் பூனைக் காது வேறு. சும்மா எடுத்தது என்று செல்வி சத்தியம் செய்த படங்களிலும் தோல் மெழுகு மாதிரி இருந்தது. அது போன் தானாகச் செய்கிற வேலை என்றேன். நம்பவில்லை. நான் அப்பா பக்கம் சாய்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

கல்யாண ஆல்பம்? அதையும் பையில் கொண்டுவந்திருந்தார்கள், ஆனால் கூரை ஒழுகிப் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. ஒட்டாத ஒன்றில் பவுடரும் பயமுமாகப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆதார்? அதில் கண் பாதி மூடியிருந்தது. வெப்கேம் வெளிச்சத்தில் நெற்றியே தெரியவில்லை. “ஸ்டேசன்ல பிடிச்சு வச்சு எடுத்த மாதிரி இருக்கு” என்று செல்வியின் அப்பாவே தள்ளி வைத்துவிட்டார்.

எனக்கு எப்படி எரிச்சல் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பெண்ணை இவ்வளவு படம் எடுத்து, ஒன்றில்கூட அவர் இல்லாமல் செய்ய முடிந்திருக்கிறது. முன்பு படமே இல்லாத வீடுகள் இருந்தன. அவர்களிடம், இல்லை என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். இங்கே போன் நிறையப் படம் இருக்கிறது. அழித்த எதையும் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. சுருக்கத்தை எடுக்க ஒரு பட்டன் வைத்தவன், எடுத்த சுருக்கத்தை எங்கேயும் வைத்திருக்கவில்லை. நானாகக் கன்னத்தில் கோடு போடலாம். அது யாருடைய கோடு?

முதலாளி என் காதருகே வந்து, கருப்பைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து அனுப்பு என்றார். மோசமான ஆள் இல்லை. பிரேம் கடை சாத்துவதற்குள் அவர்கள் போக வேண்டுமே என்ற கவலை அவருக்கு. ஆனால் நிறத்தைக் கூட்டினால் அதே பெண் வெயிலில் நின்ற மாதிரி இருப்பாள், அவ்வளவுதான். மூக்கும் தாடையும் பேச்சியம்மாளுடையவை அல்லவே.

கேள்வியை மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நல்ல படம் எங்கே இருக்கிறது என்றே அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு, “அழகா எடுக்கணும்னு நெனைக்காத ஆளு யாராச்சும் அவங்களப் படம் எடுத்திருக்காங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

செல்விக்கு முதலில் புரிந்துவிட்டது. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பாதான் சொன்னார்: “நூறு நாள் வேலையில எடுப்பாகளே.”

அங்கே காலையில் வேலைக்கு வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து அரசாங்க ஆப்பில் ஏற்ற வேண்டும். வந்தார்கள் என்பதற்குச் சாட்சி. அங்கே பணித்தளப் பொறுப்பாளராக இருப்பவர் அதே ஊர்ப் பெண்தான். அவருக்குப் போன் போட்டார்கள். ஊரில் டவர் சரியாகக் கிடைக்காததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படம் தன் பழைய போனிலும் அவர் எடுத்து வைப்பது வழக்கமாம். ஸ்பீக்கரில் அவர் பேச்சு கடை முழுக்கக் கேட்டது.

“இருக்குண்ணாச்சி, எல்லாம் இருக்கு. ஆனா பேச்சியம்மா நேரா நின்ன படம் ஒண்ணுகூடக் கெடையாது பாத்துக்கிடுங்க. நிமிந்து பாருன்னு கத்துவேன். அதுக்குள்ள எவளயாச்சும் வம்புக்கு இழுத்திருப்பா.”

வந்த படங்களில் பாதியில் பேச்சியம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒன்றில் மட்டும் முகம் தெரிந்தது. குளத்துக் கரையில் பெண்கள் வரிசை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. ஓரத்திலிருந்து இரண்டாவதாக ஒருவர், பக்கத்திலிருப்பவளிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு நிற்கிறார். நல்ல கருப்பு. வேர்வை. ஒரு பல் மற்றதன் மேல் ஏறியிருக்கிறது. மூக்கில் சின்னதாக ஒரு வெளிச்சம்.

செல்வியின் அப்பா எழுந்து வந்து மானிட்டரில் விரலை வைத்தார்.

“இந்தா நிக்கா.”

செல்வி திரையைப் பார்க்காமல் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று, இனி எளிது என்று நினைக்காதீர்கள். முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. முதலாளி உடனே, “ஏ.ஐ.ல போடு. ஒரு நிமிசத்துல பளிச்சுன்னு தரும்” என்றார். போட்டேன். தந்தது. பளிச்சென்று, மயிர்க்கால் தெரிய, நேரான பல்வரிசையோடு ஒரு பெண்மணி. மத்தியான சீரியலில் மாமியாராக வரலாம். செல்வியின் அப்பா பார்த்துவிட்டு, இல்லை என்று கையை மட்டும் ஆட்டினார். தெரியாததைத் தெரிந்த மாதிரி நிரப்புகிறது அந்தக் கருவி. உயிரோடு இருப்பவருக்கு அது விளையாட்டு. இல்லாதவர் முகத்தில் அதைச் செய்யாதீர்கள். வந்து சண்டைபோட அவர் இல்லை.

ஆக, படம் எந்த அளவுக்குத் தாங்குமோ அந்த அளவுதான். இடுப்புக்கு மேலே வைத்து அஞ்சலட்டை அளவுக்கு வெட்டினால் முகம் நின்றது. சுற்றிலும் அகலமாக வெள்ளை விட்டுப் பெரிய பிரேமில் போடலாம் என்றேன். அவருக்குச் சம்மதம். ஆனால் அப்படி வெட்டும்போது இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் பாதிப் பாதியாக உள்ளே வந்தார்கள். ஒருத்தியின் கை பேச்சியம்மாள் தோளில் கிடந்தது. உயிரோடு இருப்பவர்களை வைத்து எப்படி மாலை போடுவது? அந்தப் பெண்களே நாளைக்குச் சாப்பிட வருவார்கள். தங்கள் கையைப் பூமாலைக்குள் பார்த்தால் சும்மா இருப்பார்களா?

நான் படித்த படிப்பு அன்றைக்கு அந்த இடத்தில்தான் பயன்பட்டது. ஒரு பெண்ணைப் படத்திலிருந்து முழுசாக எடுத்தேன், கரை மண்ணை அங்கே இழுத்தேன். இன்னொருத்தியை எடுத்துவிட்டுப் பின்னால் இருந்த உடைமரத்தை நீட்டினேன். தோளில் கிடந்த கையை விரல் விரலாக அழித்துச் சட்டையின் கோடுகளைச் சேர்த்தேன். முகத்துக்கு ஒரு எல்லை வரைந்து பூட்டிவிட்டேன், என் கையே தவறிப் பட்டுவிடக் கூடாது என்று. சிரிப்பு மட்டும் யாரும் இல்லாத பக்கமாகத் திரும்பியிருந்தது. அது தப்பாகத் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். “யாருட்ட சிரிக்கான்னு எனக்குத் தெரியும்லா” என்றார்.

அப்போதுதான் செல்வி கிட்டே வந்தாள். குரலைத் தணித்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

“சட்டைய மட்டுமாச்சும் மாத்திருங்கக்கா. ஒரு பட்டுச்சேலை வச்சிருங்க. காலேஜ்லருந்து பிள்ளைய எல்லாம் வருது.”

அவளோடு படிக்கிறவர்கள் அவள் அம்மாவை வீடியோவில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அந்த அக்கா மாதிரியான அம்மாவுக்கு அஞ்சலி செலுத்தத்தான் வரப்போகிறார்கள். மண்வெட்டியும் சட்டையுமாக இவர் வரவேற்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவள் பயம். அதுவரை அவள்மேல் இருந்த எரிச்சல் எனக்கு அங்கே குறைந்தது. அவளுக்கு இந்த பயத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் கடைக்கு வந்து நிற்கவில்லை. அவர்கள் மேல் எரிச்சல்பட எனக்கு வழியும் இல்லை.

முதலாளி வைத்துக் கொடு என்று கண் காட்டினார். எனக்கும் அது பெரிய வேலை இல்லை. ஆனால் பட்டுச்சேலையை வைத்தால் அதன் வெளிச்சம் வேறு, கழுத்தின் நிழல் வேறு. கழுத்தைச் சரிசெய்தால் தாடை ஒட்டாது. தாடையைச் சரிசெய்தால் கன்னம். சேலையில் ஆரம்பித்த கை முகத்தில்தான் போய் நிற்கும். இதை அவர்கள் இருவருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். சொல்லிவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மாற்றித் தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை, மாற்றவும் இல்லை. அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகிற படம் அது.

அவர் மகளைப் பார்த்தார்.

“நீ சொல்லுட்டி. எனக்கு மூஞ்சி கெடைச்சிட்டு. மத்தது ஒன் இஷ்டம்.”

செல்வி இதை எதிர்பார்க்கவில்லை. அப்பா சண்டைபோடுவார் என்று தயாராகி வந்த முகம் அது. சித்தியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை எடுத்தாள். மானிட்டரில் இருந்த படத்துக்கு நேராகப் பிடித்தாள்.

போனில் ஒரு மஞ்சள் கட்டம் அம்மாவின் முகத்தைச் சுற்றி வந்து நின்றது. அவள் எந்த பில்டரையும் தொடவில்லை. ஆனாலும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கருப்பு வெளுத்தது. வேர்வை போனது. மூக்கில் இருந்த வெளிச்சமும் போனது. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்.

“அந்தா, மறுபடியும் போயிட்டா.”

செல்வி போனைச் சட்டென்று தாழ்த்தினாள். மானிட்டரைப் பார்த்தாள். அங்கே அம்மா இருந்தார். போனை உயர்த்தினாள், இல்லை. கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், நின்ற இடத்தை மாற்றிக்கூடப் பார்த்தாள். பிறகு படம் எடுக்காமலே போனை என்னிடம் நீட்டினாள்.

“இத எப்பிடிக்கா ஆப் பண்ணணும்?”

அது செட்டிங்ஸுக்குள் செட்டிங்ஸாக எங்கேயோ கிடந்தது. தேடி அணைத்துக் கொடுத்தேன். அவள் மறுபடியும் திரைக்கு நேராகப் பிடித்து, இந்தத் தடவை எடுத்தாள். எடுத்ததை விரலால் பெரிதாக்கி, அந்தப் பல்லையும் மூக்குத்தியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். சித்திக்கு அனுப்பவில்லை.

“சட்டை இருக்கட்டும்க்கா” என்றாள்.

பிரிண்ட் கொடுத்தேன்.